காயில் ஸ்பிரிங் வண்டியும் நான் அழித்த ஒரு வரியும்

இன்று காலை, ஜொகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாயில் நான் இப்போது வேலை பார்க்கும் பட்டறைக்கு ஒரு பிக்கப் வந்தது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றுகிற வண்டி. கழுவித்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஆனாலும் பின்தொட்டி இடுக்கில் நசுங்கிய பழங்கள் நாலைந்து மாட்டிக்கொண்டு புளித்துக் கிடந்தன. எண்ணெயும் ஊசிப்போன கள்ளும் கலந்ததுபோன்ற அந்த வாடை என் மேசைவரை வந்தது. வண்டிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடித் தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "பின்னால காயில் ஸ்பிரிங் அக்கா. கார் மாதிரி ஓடும். ஆனா பழம் ஏத்துனா பொத்துன்னு உக்காந்துருது. ஸ்பிரிங் உள்ள காத்தடிச்ச ஏர் பேக் வச்சுத் தூக்கிவிட்டுருங்க லா" என்றார்.

"எவ்வளவு ஏத்துவீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எவ்வளவு கொள்ளுதோ அவ்வளவு."

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவித் திரும்பிவந்து, அவ்வளவு பாரத்துக்கு இங்கே ஏர் பேக் போட மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "பொம்பளைய கவுண்டர்ல வச்சா இப்படித்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மனமில்லாமல் உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ போய் மூன்று வருடமாகிறது. உன்னிடம் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது.

நீ ஓட்டிய பழைய பிக்கப்பை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் தலை கூரையில் இடித்ததுதான். ஒருநாள் லாபிஸுக்குப் பஸ் கிடைக்காமல் பெக்கோக்கில் நின்றவளை நீ ஏற்றிக்கொண்டாய். பின்தொட்டி காலி. அந்த வண்டிக்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள். ஒவ்வொரு குழிக்கும் வண்டி எகிறியது. "அலமாக், என் இடுப்பு போச்சுடி" என்று கத்தினேன். நீ வயிறு வலிக்கச் சிரித்தாய்.

"காலியா இருந்தா இப்படித்தான் குதிக்கும். பாரம் ஏறட்டும், எருமை மாதிரி அடங்கி நடக்கும் பாரு. எனக்கு எருமைதான்டி வேணும். குதிரய வச்சு நான் என்ன பண்றது?"

அன்றைக்கு உனக்கு நாற்பத்தாறு வயது. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் கடல் தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வந்த பதினாறு வருடத்தை ஒருநாள் சலித்துப்போய் விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி, சின்னத் தோட்டக்காரர்களிடம் பழம் ஏற்றிவரும் வேலையில் சேர்ந்திருந்தாய். பெண் ஓட்டுகிறாளே என்று பார்த்தவர்களை நீயும் பதிலுக்குப் பார்ப்பாய், அவர்களாகவே கண்ணைத் திருப்பிக்கொள்ளும்வரை. கணவன் உன்னையும் மகள் கவிதாவையும் விட்டுப்போனதை யாராவது இழுத்தால், "ச்சீ, சாப்புடறப்ப பேசற விஷயமா அது?" என்று முடித்துவிடுவாய்.

உன் முதலாளி, அந்தக் காண்ட்ராக்டர், நம் ஆள்தான். நெற்றி நிறையத் திருநீறு, கோயில் கமிட்டியில் பதவி, மேடை கிடைத்தால் "நம்ம சமுதாயம்" என்று குரல் தழுதழுக்கும். அவருடைய வண்டிகளெல்லாம் லாபிஸில் நான் கணக்கெழுத்தராக இருந்த பட்டறைக்குத்தான் வரும். அவர் நீ ஓட்டிய பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதிது வாங்கினார். பின்னால் பட்டைகளுக்குப் பதில் காயில் ஸ்பிரிங், சுருட்டி நிறுத்திய தடித்த கம்பி. ஏன் தெரியுமா? வாரத்தில் ஆறு நாள் அது உனக்கு. ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு ஜொகூர் பாருவுக்குப் போய்வர அவருக்கு. அவர் மனைவிக்கு லீஃப் ஸ்பிரிங் குலுக்கல் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அந்த ஒரு நாள் சுகத்துக்காக ஆறு நாள் பாரத்தையும் அதன் முதுகில் ஏற்றினார்.

முதல் வாரமே நீ பட்டறைக்கு வந்துவிட்டாய். பழம் ஏற்றிய கோலத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாய். பின்பக்கம் தரையைத் தொடப் போவதுபோல் தாழ்ந்து, மூக்கு வானம் பார்த்து நின்றது. "ஸ்டீயரிங் கையில நிக்கல. முன்சக்கரம் மண்ணத் தொடுதா இல்லையான்னே தெரியல" என்றாய். மெக்கானிக் ராசு அண்ணன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினார்.

"காயில் மோசம்னு நான் சொல்லல. அளவோட ஏத்துனா அருமையா ஓடும். லீஃப்னா பாரத்த முன்னால ஒரு எடம், பின்னால ஒரு எடம்னு கீழ ஓடுற சேஸி சட்டத்துல ரெண்டா பிரிச்சுக் கொடுக்கும். இது அப்படி இல்ல. மொத்தமும் காயில் உக்கார்ற அந்த ஒரே எடத்துல விழும். ஏர் பேக் போட்டா வண்டி நிமிந்து நிக்கும். பாக்க நல்லா இருக்கும். ஆனா பாரம் கொறையாது பாத்துக்குங்க. இதே மாதிரி ஏத்திக்கிட்டு இருந்தா ஒருநாள் சேஸியே மடங்கும்."

நீ என் பக்கம் திரும்பினாய். "அத எழுதுடி. அண்ணன் சொன்னத அப்படியே எழுது. வாயால சொன்னா அந்த ஆளு காதுல ஏறாது."

எழுதினேன். வேலை அட்டையில் மலாயில் ஒரு வரி: ஏர் பேக் பொருத்தினாலும் இந்த வண்டியில் இப்போது ஏற்றும் பாரத்தை ஏற்றக்கூடாது, சேஸி தாங்காது. அச்செடுத்துக் கொடுத்தேன். நீ படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாய். "இப்ப பேசட்டும் பாப்போம்" என்று அதை மடித்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

அன்று மாலையே காண்ட்ராக்டர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் தேன்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? அந்த அட்டையில ஒரு வரி தேவையில்லாம இருக்கு. ஏர் பேக் போட்டாச்சு, வண்டி நல்ல நிலைமைன்னு மட்டும் போட்டு வேற ஒண்ணு அடிச்சுக் கொடுத்துருங்க. நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் பாத்தா வீண் பேச்சு. நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிக்கிறேன். அவ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி."

நான் போனைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லிப் பட்டறை முதலாளியைப் பார்த்தேன். எட்டு வண்டி வருகிற வாடிக்கை. அவர் கையை அசைத்தார், செய்துவிடு என்பதுபோல. நான் கணினியில் அந்த வரியின்மேல் கறுப்புப் பட்டை ஓடவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு கொட்டாவி விடுகிற நேரம். அழித்துவிட்டு எழுந்துபோய் மைலோ கலக்கிக் குடித்தேன். அந்த மைலோவை ருசித்துக் குடித்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

உன்னிடம் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நீயும் வாராவாரம் வந்தாய், ஏர் பேக்குக்குக் காற்று பார்க்க. "எருமய வித்துட்டு எனக்குச் சொகுசுக் குதிர வாங்கிக் கொடுத்திருக்கான் அந்த ஆளு" என்று காறித் துப்புவாய். பாரத்தைக் குறைத்தாரா என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு நடையா போறேன்னு சொன்னேன். பேக் போட்டாச்சுல்ல, தூக்கும், ஒரே நடையா போங்கறான். போவ மாட்டேன்னா நாளைக்கு வேற ஆளு. கவிதாவுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்குடி. அது வரைக்கும் பல்லக் கடிக்க வேண்டியதுதான்."

ஏழு மாதம் பல்லைக் கடித்தாய்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. பெக்கோக்குக்கு உள்ளே செம்மண் இறக்கத்தில், முழுப் பாரத்தோடு ஒரு குழியில் பின்சக்கரம் விழுந்தபோது சேஸி மடங்கியது. ராசு அண்ணன் சொன்ன அதே இடம், காயில் உட்காரும் இடம். வண்டி குறுக்கே திரும்பி வாய்க்காலில் உருண்டது. ஐந்தாம் நாள் சிகாமட் மருத்துவமனையில் நீ செத்துப்போனாய்.

உன் சாவு வீட்டுக்கு அவர் வந்தார். ஆள் உயர மாலை. படத்துக்குப் போட்டுவிட்டு எல்லோரும் கேட்கும்படி, "நான் எத்தனையோ தடவ சொன்னேன், அளவா ஏத்தும்மான்னு. சீக்கிரம் வேலைய முடிக்கணும்னு அவசரம். கேக்கல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே கண்ணீர் வந்தது, நான் பார்த்தேன். நாலு பேர் தலையாட்டினார்கள். கவிதா குனிந்த தலை நிமிரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண், தன் தாய் அவசரப்பட்டுச் செத்தாள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

பதினாறாம் நாளும் வந்தார். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டே, "அளவுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க" என்று பக்கத்து ஆளிடம் ஆரம்பித்தார். அவர் உதட்டில் ஜவ்வரிசி ஒட்டியிருந்தது. எனக்குள் என்னவோ அறுந்தது.

"அளவு சொன்னது நீங்க இல்ல" என்றேன். "அவ சொன்னா. ராசு அண்ணன் சொன்னாரு. நான் எழுதுனேன். நீங்க போன் பண்ணி அழிக்கச் சொன்னீங்க. நான் அழிச்சேன்."

அவர் வாயைத் துடைத்தார். "அம்மா, துக்கத்துல பேசறீங்க. உக்காருங்க."

வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்த ராசு அண்ணன் அதைக் கீழே வைத்தார். "துக்கத்துல பேசல. நான் சொன்னது நெசம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கவிதா எழுந்து வந்தாள். காண்ட்ராக்டரைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தாள். "எப்ப அழிச்சீங்க ஆண்ட்டி?"

"ஏழு மாசத்துக்கு முன்னால."

"ஏழு மாசம் வாராவாரம் அம்மாவப் பாத்தீங்களே."

அவள் திரும்பி, அவர் பாதி சாப்பிட்டிருந்த இலையை எடுத்து மடித்தாள். "நீங்க சாப்புட்டது போதும், எந்திரிங்க" என்றாள். அவர் எழுந்து போனார். பிறகு என்னிடம், "நீங்களும் போங்க ஆண்ட்டி" என்றாள். நானும் போனேன்.

மறுநாள் ராசு அண்ணனும் நானும் போலீஸில் வாக்குமூலம் கொடுத்தோம். பட்டறையில் என்னை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாவிட்டாலும் அந்த நாற்காலியில் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. விசாரணை நீண்டது. கடைசியில் பாரம் ஏற்றச் சொன்னது உரிமையாளர் என்று எழுதினார்கள், அபராதம் விதித்தார்கள். உன் பெயரில் இருந்த குற்றம் நீங்கியது. கவிதா அந்தக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பினாள், கூட ஒரு சொல்லும் எழுதாமல்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை. வண்டிகள் இப்போது மருமகன் பெயரில் ஓடுகின்றன. போன திருவிழாவுக்குப் போயிருந்தேன். அவருக்குத்தான் முதல் மரியாதை. பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, எல்லோருக்கும் அவர் கையால் திருநீறு கொடுக்கச் சொன்னார்கள். வரிசையில் நான் அவர் முன்னால் வந்தபோது, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று அதே தேன் குரலில் கேட்டார். கையை நீட்டாமல் வெளியே வந்துவிட்டேன். அவரை அருவருக்க எனக்கு என்ன தகுதி என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். தகுதி இல்லைதான். அருவருப்பு அதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

ஒன்றை மட்டும் போலீஸிடமும் சொல்லவில்லை, கவிதாவிடமும் சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த ஒன்று. அதிலும் உனக்குத் தெரிந்தது பாதி.

சிகாமட்டில் மூன்றாம் நாள், கவிதா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நீ கண் திறந்தாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். நீ மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் கேட்டாய்.

"என் மேலதான் பழி போடுவான். நீ எழுதுனது இருக்குல்ல?"

நான் சொல்லியிருக்கலாம். அறையில் யாருமில்லை. நீ என்னைத் திட்டியிருப்பாய், உன் பாணியில் முகத்தைச் சுளித்து ஒரு "ச்சீ" சொல்லியிருப்பாய். எனக்கு நியாயமாகக் கிடைக்கவேண்டியது அது.

"இருக்குடி" என்றேன். "பத்திரமா இருக்கு. நீ தூங்கு."

நீ சிரித்தாய். வெடித்த உதட்டோடு, வலியோடு, என்னைப் பார்த்து நன்றாகவே சிரித்தாய். "நீ இருக்கறப்ப எனக்கென்ன" என்று சொல்லிக் கண்ணை மூடினாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

அந்தச் சிரிப்பு, அந்த வரியை அழிக்காத ஒருத்திக்கு நீ கொடுத்தது. அவள் அங்கே இல்லை. அவள் இடத்தில் உட்கார்ந்திருந்த நான் அதை வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க நீ இல்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.