முதல் கவரில் போன விலைப்பட்டியல்

உன் ஆபீஸ் பையை இன்று காலை உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். நம் கம்பெனி நடந்த அபிராமபுரத்து மாடி அறைக்கே வந்துவிட்டாள். பையைத் திறந்ததும் உன் தைல வாசனை. சார்ஜருக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள். "ஏதோ டெண்டர் பேப்பர் போலக்கீதுண்ணா, பாருங்க" என்றாள்.

அந்த அரசு ஆஸ்பத்திரி டெண்டர்தான். மருந்து இருப்பைக் கணினியில் ஏற்றும் வேலை. ஏழே பேரை வைத்துக்கொண்டு மாநிலம் முழுக்கச் செய்வோம் என்று கிளம்பினோம், என்ன துணிச்சல் நமக்கு! "இது கெடைச்சா நாம பொழச்சோம் மச்சி" என்று தினமும் சொல்வாய். கம்பெனி மூச்சு விட்டதே அந்த நம்பிக்கையில்தான். முதல் கவரில் நம் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதி பார்க்கும் முன்பே விலை தெரிந்துவிட்டால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். கடைசி நாள் உனக்குக் காய்ச்சல். சர்வர் வேறு இழுத்தடித்தது. நான்தான் உட்கார்ந்து இரண்டு கவரையும் டெண்டர் போர்ட்டலில் அப்லோட் செய்தேன்.

கவர் திறக்கும் நாளில் நீ மட்டும் போனாய். திரும்பி வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "டர்ன்ஓவர் பத்தலையாம்டா" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சின்ன கம்பெனிக்குத் தளர்வு உண்டுன்னு மீட்டிங்ல அவங்களேதானே சொன்னாங்க? கேக்க வேண்டியதுதானே? உனக்கு வாயே கெடையாதுடா. உன்னாலதான் எல்லாம் போச்சு." அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "சரி, விடு" என்றாய். என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்று ஆத்திரத்தில் நான் போர்ட்டலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் நீ பெருங்குடியில் வேலைக்குப் போய்விட்டாய். நான் கடைகளுக்கு பில்லிங் போட்டுக்கொடுத்துக் காலம் தள்ளினேன். பார்த்தால் பேசுவோம், பழைய மாதிரி இல்லை. போன மாதம் மாரடைப்பில் நீ போய்விட்டாய் என்று ஃபோன் வந்தபோதும் உன்மேல் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தாளில் ஒரே வரிதான். விலைப்பட்டியல் முதல் கவரில் இருந்ததால் நிராகரிக்கப்பட்டது. படுபாவி, அதை அன்றைக்கே என் முகத்தில் விட்டெறிந்திருக்கலாமே.

"தான் அன்னிக்கு வாயத் தொறந்து பேசியிருந்தா கம்பெனி நின்னுருக்கும்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணா. கடைசி வரைக்கும் அவருக்கு அந்தக் குறை" என்றாள் உன் மனைவி. பிறகு, "இது இன்னா பேப்பர்?" என்று கேட்டாள்.

"பழசும்மா, ஒண்ணுமில்ல" என்று சொல்லி மேசை டிராயரில் வைத்துவிட்டேன்.

அவள் படியிறங்கிப் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நாளைக் காலை உன் அடையாறு வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். உன் மகளும் கேட்கட்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நான் உனக்குத்தான் ஃபோன் செய்வேன்.