மாமாவின் முதல் திதியும் ஒரு வாரண்டும்

என் பிரியமான மாமாவுக்கு,

விவாகரத்தான மருமகள், இறந்துபோன மாமனாருக்குக் கடிதம் எழுதுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. உங்களைக் கேட்டால்தான் தெளியும் என்று ஒரு விஷயம் இருக்கிறது, நீங்களோ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி சுமதி ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணக்கில் கெட்டி, பிடிவாதத்தில் அப்படியே நீங்கள். நான் அதே பம்பு கம்பெனியில்தான் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலமானால் விரல் மடங்குவதில்லை. சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் போகிறது, பள்ளிக்கூட ஃபீஸுக்கு எட்டுவதில்லை.

எனக்கும் சுமதிக்கும் மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி உங்கள் மகனுக்குக் கோர்ட்டு உத்தரவு போட்டது. ஆனால் அதைக் கொண்டு வந்தது நீங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் இறங்கி, ஒரு பை தேங்காயோடு நடந்து வருவீர்கள். தேங்காய்க்கு அடியில் கவர் இருக்கும். "பையன் குடுத்தனுப்புனான் அம்மணி" என்பீர்கள். காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை, நீங்களும் கேட்டதில்லை. மாமனாரிடம் போய் ரசீது பேசுவதாவது! இதைச் சொன்னதும் என் வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எந்த மாதம் வரை பணம் வந்தது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை, மரியாதையைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய முடியாதாம்.

நீங்கள் போனீர்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. இன்றுவரை ஒரு பைசா வரவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் மாமா. அத்தனை மாதமும் அது யார் பணம்? உங்கள் மகன் கொடுத்ததா, இல்லை உங்கள் தென்னந்தோப்பு கொடுத்ததா? அப்பா மாதம் தவறாமல் பணம் அனுப்பினார் என்று சுமதி நம்பிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் போன துக்கத்தில் உங்கள் மகன் நிறுத்திவிட்டாரா, அல்லது ஆரம்பிக்கவே இல்லையா? ஒரு நாள் அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது, மறுநாள் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டில் எது நியாயம் என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.

வேறு வழியில்லாமல் பாக்கியைக் கேட்டு மனு போட்டேன். உங்கள் மகன் சம்மனை வாங்கவில்லை, வாய்தாவுக்கும் வரவில்லை. கடைசியில் வாரண்டு போட்டார்கள். பிடித்து வந்து நிறுத்தினால் பணத்தைக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் உள்ளே வைப்பார்களாம். போலீஸ் மூன்று தடவை உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. மூன்று தடவையும் கொப்பரை லோடோடு வெளியூர் போயிருப்பதாகப் பதில். அப்படி ஓயாமல் கொப்பரை விற்கிறவரிடம் மகளுக்குக் கொடுக்க மட்டும் காசு இல்லை.

"அவர் எந்த நாள், எந்த இடத்துல நிச்சயமா இருப்பார்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை அவங்க பாத்துக்குவாங்க" என்றார் வக்கீலம்மா. எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே அத்தை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார்கள். அழுகிற குரல்.

"உங்க மாமனுக்கு மொதோ திதி அம்மணி. வர்ற வெள்ளிக்கெழம, பவானி கூடுதுறையில வெச்சிருக்கறோம். புள்ளையக் கூட்டிட்டு நீயும் வந்துரு. அவரு சந்தோசப்படுவாரு."

உங்களுக்கு அவர் ஒரே மகன். சம்மனுக்கு ஒளிந்தவர் உங்கள் பிண்டத்துக்கு ஒளிய மாட்டார். அதை வைக்க வேறு ஆள் இல்லை.

ரிசீவரை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். நாளும் தெரிந்துவிட்டது, இடமும் தெரிந்துவிட்டது. சொல்லிக் கொடுத்தது அத்தை, கூப்பிட்டது உங்களுக்காக. அழைத்த வீட்டுக்குப் போலீஸோடு போவதா? போகாமலிருந்தால் சுமதியின் ஃபீஸை யாரிடம் கேட்பது? இந்த இக்கட்டுக்கு நீங்களே காரணமாகிவிட்டீர்கள் என்று உங்கள்மேல்கூடக் கோபம் வந்தது, மாமா. அன்று நீங்கள் நடுவில் நின்று மறைக்காமல் இருந்திருந்தால், அவர் யாரென்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்கும். மறைத்தது எனக்காகத்தான் என்றும் தெரிகிறது. இதில் எதை எடுத்துக்கொள்ள, எதை விட?

நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய் வந்தேன். ஐந்தாம் நாள் வக்கீலம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வாரண்டை வைத்திருக்கும் ஏட்டையாவுக்கு உங்கள் மகனின் முகம் தெரியாது. நான் வந்து ஆளைக் காட்ட வேண்டுமாம். "சடங்கு முடியட்டுமுங்க, நாங்க படித்தொறைக்கு மேலயே நின்னுக்கறோம்" என்றார் அவர். நம் ஊர்ப் போலீஸ் கைது செய்யும்போதும் 'வாங்க' என்றுதான் சொல்லும் போலிருக்கிறது. அதற்குச் சிரித்தேன், உடனே அழுகை வந்துவிட்டது.

செய்வது சரிதானா? இதை எழுதும்போதும் தெரியவில்லை. அத்தை இனி என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். ஆனால் சுமதியைக் கூட்டி வர மாட்டேன். அவள் பார்க்க வேண்டிய காட்சி இல்லை அது.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். கூட்டத்தில் ஒளிந்து நிற்க மாட்டேன், அத்தைக்குத் தெரியும்படியே படித்துறையில் நிற்பேன். உங்கள் மகன் பிண்டத்தைக் கரைத்து, முழுகி எழுந்து, கரையேறும் வரை வாய் திறக்க மாட்டேன். உங்களுக்குச் சேர வேண்டியது முதலில் சேரட்டும். அதன் பிறகு என் கையை நீட்டி அவரைக் காட்டுவேன், மாமா.

விவாகரத்து உங்கள் மகனுக்கும் எனக்கும்தான், ஆகையால் இன்றும்
உங்கள் மருமகள்,
சரசு