கடைசிக் காட்சிக்கு ஒரு துண்டுச்சீட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பது தெரியும், பத்திரிகைப் படத்தில் கன்னம் உப்பியிருக்கிறது. இங்கே அப்பா நலம், தங்கை நலம், நானும் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கிற அளவுக்கு நலம்.

வெள்ளிக்கிழமை உன் புதுப் படத்தை, ரிலீசுக்கு முன்னால் சனத்தின் கருத்துக் கேட்க, நம் தியேட்டரில் இரண்டாம் முறை போட்டுக் காட்டினோம். வழக்கம்போல அப்பா ஆபரேட்டர் அறை ஓட்டை வழியாக யார் எப்போது எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொண்டார், நான் வாசலில் நின்று துண்டுச்சீட்டு வாங்கினேன். உன் முதல் படத்திலிருந்து இதே வேலைதான், சனம் எழுதியதை ஒன்று விடாமல் அனுப்புவேன், நீயும் அதன்படி வெட்டுவாய், ஒட்டுவாய். போன முறை காட்டியபோது படத்தில் வரும் நோயாளி அம்மா பிழைத்துக்கொள்வதாக எடுத்திருந்தாய். அவள் செத்தால்தான் படம் மனசில் நிற்கும் என்று பதினொரு பேர் எழுதினார்கள். ஒரு மகராசன், இந்தக் கிழவி எப்பதான் போய்ச் சேருவா என்றே கேட்டிருந்தான். கிழித்துப் போட்டிருக்கலாம், புத்தி கெட்டுப்போய் அதையும் மடித்து உறையில் வைத்தேன். நீ அவளைக் கொன்றுவிட்டாய்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே கொன்றிருக்கிறாய். என் பச்சைச் சால்வை, என் இருமல், மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற என் பழக்கம், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மகன் ஓடிவந்து கையைப் பிடித்ததும் அவள் கண்ணை மூடுகிறாள், தியேட்டரே விசும்பியது, பிறகு கைதட்டியது. எனக்குத்தான் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் இருந்த தையல்காரர் மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தார், என் சால்வையைப் பார்த்தார், மெல்ல எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை எனக்கு ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்கிறார் டாக்டர். போனில் சொன்னபோது, படம் ரிலீஸ் ஆகட்டும்மா, ஓடி வந்துடறேன் என்றாய். அதோடு விட்டாயா, வலி குத்துதா எரியுதா என்று கேட்டாய், நான் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்ட பேனாச் சத்தம் எனக்குக் கேட்டது. தங்கையிடம் இதைச் சொல்லப்போக, அவள் உன் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு ஒரு போன் போடு. வேளைக்குச் சாப்பிடு, பட்டினி கிடந்து எடிட்டிங் பார்க்காதே.

இந்த முறை வந்த சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் புகழ்ச்சிதான், ஒன்றைத் தவிர. அது என் கையெழுத்து. இத்தனை வருஷத்தில் நான் எழுதிய முதல் சீட்டு. கடைசியில் மகன் வருவது நம்பும்படி இல்லை, வெட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறேன். பார்த்தவர்கள் சொல்லை நீ ஒருநாளும் தட்டியதில்லை.

படம் நூறு நாள் ஓடட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு. புதன், காலை எட்டு மணி, மறந்துவிடாதே.

ஆசிகளுடன்,
இன்னும் இருமிக்கொண்டிருக்கும் உன் அம்மா