ரஜனியின் இடது முழங்கால்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
09.02.2025

அன்புள்ள தங்கை ரஜனிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு ஊர்க்கதைக்குப் போகப்போவதில்லை. கடிதம் முழுக்க அதைத்தான் கேட்கப்போகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைக்கிறாய், பக்கத்தில் உன் புருஷன் தயாபரன் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கிறது. என் கூட்டாளி பைறோஸா, நீ இருக்கிற ரொறன்ரோவிலேயே வசிக்கும் மகளிடம் போகிறார். உனக்குத் தைத்த இரண்டு சட்டைகளோடு இதையும் உன் கையிலேயே தருவார்.

தை பிறந்ததிலிருந்து கல்யாணச் சட்டைகள் வந்து குவிகின்றன. மெஷினை விட்டு எழும்ப நேரமில்லை. ஒரு மணப்பெண்ணுக்கு மூன்று தடவை அளவெடுத்தேன், ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுப் பெருத்து வருகிறாள்.

சரி, உன் முழங்கால். நீ அனுப்பிய படத்தை இரண்டு நிமிடத்தில் அழித்துவிட்டாய். அதற்குள் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன், எண்ணெய் பூசினால் மாறிவிடும் என்றாய். நானும் நம்பிக் களனிக்கு பஸ் ஏறி, முறிவு நெரிவு பார்க்கிற வைத்தியரிடம் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கிவந்தேன். அது இங்கே அலுமாரியில்தான் இருக்கிறது. அனுப்பாத காரணத்தைச் சொல்கிறேன்.

பைறோஸாதான் எதற்கும் ஒரு டொக்டரிடம் கேள் என்றார். பாமன்கடைப் பக்கம் ஸவாஹிர் என்று ஒரு டொக்டர் இருக்கிறார், விளையாட்டுப் பிள்ளைகளின் முழங்கால்களையே அதிகம் பார்ப்பவர். இல்லாத நோயாளிக்கு மருந்து சொல்லமாட்டார் என்று பயந்து, உன் வலியை என் காலில் ஏற்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன். முழங்காலைப் பிடித்து அங்கும் இங்கும் வளைத்தார். நான் ஐயோ என்றேன், ஆனால் அவர் கையை எடுத்த பிறகு. போதாததற்கு, வாசலில் இடது காலை நொண்டினவள் கட்டிலில் ஏறும்போது வலது காலை நொண்டியிருக்கிறேன். யாருடைய கால் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வெட்கத்தோடு படத்தைக் காட்டினேன்.

அதைப் பெரிதாக்கிப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்று முதலிலேயே சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். பந்து விளையாடுகிறவர்கள் காலை ஊன்றியபடி உடம்பைத் திருப்பினால் மூட்டின் நடுவில் உள்ள நார் அறுந்துவிடுமாம். எலும்புகளுக்கு இடையில் உள்ள சவ்வு கிழிந்தால் முழங்கால் மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொள்ளுமாம். படியில் முழங்கால் அடிபட விழுந்தால் பெரும்பாலும் முன்பக்கம், சில்லு எலும்பில்தான் காயம். உனக்கு முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வெளிப்பக்கம் கன்றிப்போய்க் கறுப்பாக இருக்கிறது, வீக்கம் உள்பக்கத்தில். ஊன்றி நிற்கிற காலில் வெளியிலிருந்து பலமாக ஏதாவது பட்டால்தான் உள்பக்க நார் அப்படிப் போவது வழக்கமாம். போனைத் திருப்பித் தந்துவிட்டு, "விழல்லன்டு நான் சொல்ல ஏலா. ஆனா விழ முந்தி வெளிப்பக்கத்தால என்னமோ பட்டிருக்கி" என்றார்.

வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன், தையல் ஓடவில்லை. போன செப்டெம்பரில் உன் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தபோது பனியில் சறுக்கியதாகச் சொன்னாய். செப்டெம்பரில் அங்கே பனி விழாதாமே. நான் கொழும்பை விட்டு நகராதவள், எனக்கு எப்படித் தெரியும்? பைறோஸா சொல்லித்தான் தெரிந்தது. அழுதேன், ரஜனி. பிறகு கோபம் வந்தது. அழுகையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கோபத்தோடு வேலை செய்யலாம்.

ஆகவே சொல்வதைக் கேள். உள்பக்க நார் மட்டும் என்றால் பெரும்பாலும் ஒப்பரேஷன் இல்லாமலே பொருந்திவிடுமாம். பக்கங்களில் கம்பி வைத்த பட்டி கட்டி, ஊன்றுகோலோடு சில கிழமைகள் கவனமாக நடக்க வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றி வை. சூடும் எண்ணெய் உருவலும் இப்போது கூடாது, அதனால்தான் போத்தல் இங்கேயே நிற்கிறது. வலி குறைந்ததும் தொடைத் தசைக்குப் பயிற்சி தருவார்கள். ஆனால் நடக்கும்போது கால் நழுவினாலோ பூட்டிக்கொண்டாலோ ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். நடு நாரும் போயிருந்தால் ஒப்பரேஷன் தேவைப்படலாம். அங்கே ஒரு டொக்டர் உன் காலைத் தொட்டுப் பார்க்காமல் இதில் ஒன்றும் தெரியாது.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள், தயாபரன் வேலைக்குப் போனதும் பைறோஸாவின் மகள் லுத்பியா காரோடு வருவாள். மருத்துவ அட்டை தயாபரனின் பர்சில் இருந்தால் முதல் நாளே எடுத்து வை. அது உன் பெயரில் உள்ள அட்டை. பாஸ்போட்டையும் கையில் எடுத்துக்கொள். எப்படி நடந்தது என்று அந்த டொக்டரும் கேட்பார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நடந்ததை நடந்தபடி சொல். நீ படிக்கட்டு என்று சொன்னால் அவர் படிக்கட்டுக்குத்தான் மருந்து தருவார். அங்கிருந்து திரும்பி அந்த வீட்டுக்குப் போகாதே. லுத்பியா தன் வீட்டில் உனக்கு அறை ஒதுக்கிவிட்டாள், நான் கேட்க முதலே.

அம்மா இருந்திருந்தால் பொறுத்துப் போ பிள்ளை என்றிருப்பார். நான் சொல்லமாட்டேன். சனம் என்ன கதைக்கும் என்று யோசிக்கிறாயா? வெள்ளவத்தைச் சனம் ஒரு கிழமை கதைக்கும், பிறகு சட்டை தைக்க என்னிடம்தான் வரவேண்டும்.

கடவுள் உன் காலுக்குப் பலம் தரட்டும். முழுக்கச் சுகமான பிறகு வருகிறேன் என்று நாள் கடத்தாதே. நொண்டிக்கொண்டு என்றாலும் வா, ரஜனி. கட்டுநாயக்கா எயார்போட்டில் அக்கா நிற்பேன்.

உன் அக்கா,
வசந்தமலர்