பதில் நூலகர்

அன்புள்ள அக்கா,

நேற்றுக் காலை நூலகத்தைத் திறக்கப் போனேன். புது மையின் மணம் மூக்கில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் "எமது நூலகர்" என்று அடித்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

நீங்கள் உயிரோடு இருந்தவரை அந்த ஒரு சொல்லைத் தர மறுத்தவர்கள்தான் அதை அச்சடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

பழைய நூலகர் ஓய்வுபெற்றபோது பிரதேச சபைச் செயலாளர் உங்களைக் கூப்பிட்டு, "புது ஆள் வருமட்டும் நீர் பதில் பாரும்" என்றார். நிரந்தரமாக ஒருவரை நியமிக்கும்வரை அந்த இடத்தைப் பார்ப்பவருக்கு அலுவலகத் தமிழில் பதில் என்று பெயர். நூலகப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தது நீங்கள் மட்டும்தான். இருந்தும் அவருக்கு நான் "நீங்கள்", நீங்கள் "நீர்". இருவரும் ஒன்றாக உதவியாளர் வேலைக்கு வந்தவர்கள்தான். ஆனால் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நீங்கள் தர்மபுரம், உங்கள் அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அதை அந்த மனிதரின் நாக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

புது ஆள் வரவே இல்லை. ஆண்டுகள்தான் வந்து போயின. திறப்புக் கோர்வை உங்களிடம், வேலை முழுக்க உங்களிடம், நூலகரின் கதிரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "அதில இருங்கோவன் அக்கா, ஆர் கேக்கப்போயினம்?" என்பேன். "நியமனம் வரட்டும்டி, சாஞ்சு உக்காந்துக்கிறேன்" என்று சிரிப்பீர்கள். நியமனத்தைப் பற்றிக் கேட்கப் போனால் செயலாளருக்கு ஒரே பாட்டுத்தான்: "மேலிடத்தில இருந்து ஒண்டும் வரேல்லை, பாப்பம்." ஒருமுறை நீங்கள் வெளியே போனதும் அவர் எழுதுவினைஞரிடம், "தோட்டத்தாக்களுக்கு இதே பெரிய காரியம்" என்றது என் காதில் விழுந்தது. கொதித்துப்போய் வந்து சொன்னேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

எங்கள் நூலகத்துக்குக் கேடயம் கிடைத்த அன்று மேடையில் ஏறி அதை வாங்கியவர் செயலாளர். உங்களைப் பின்னால் தேநீர் பார்க்க விட்டார்கள். பேச்சின் முடிவில், போனால் போகிறதென்று, "உதவியாளர் பிள்ளையளுக்கும் நன்றி" என்றார். அன்று நீங்கள் உதவியாளர்.

பிறகு அந்த மழை வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்ட மழை. கூரை ஒழுகுகிறதென்று நீங்கள் சொல்லாத நாளில்லை. செயலாளர் வந்து பார்த்த நாளும் இல்லை. வீட்டிலிருந்த தறப்பாளை சைக்கிளில் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். இருவரும் இழுத்துக் கட்டியும் சிறுவர் பகுதி நனைந்துபோயிற்று. ஊதிப்போன புத்தகங்களை நீங்கள் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் கதிரைகளில் இருந்தார்கள், உங்களை நிற்க வைத்தார்கள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. "நீர்தானே பொறுப்பான நூலகர்?"

"ஓம் சேர், நான்தான்."

வெளியே வந்ததும் பாய்ந்தேன். "உங்களுக்கென்ன விசரா? ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்? கூரை செயலாளரின்ர பொறுப்பெல்லோ!"

நீங்கள் வெட்கப்பட்டதுபோலச் சிரித்தீர்கள். "ஒருநாளாவது அவங்க வாயால நூலகர்னு வந்துச்சேடி."

அந்த ஓம்தான் உங்கள் நியமனத்தைத் தின்றது. பொறுப்பில் தவறியவர் என்று எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகு கேட்டபோதெல்லாம் அதையே தூக்கிக் காட்டினார்கள். கேடயத்துக்கு நூலகர் இல்லை, மழைக்கு மட்டும் நூலகர்! இதைவிட வெட்கங்கெட்ட வேலை உண்டா? நோய் வந்து படுத்தபோதும் நீங்கள் பதில்தான்.

நேற்றுப் பின்னேரம் அஞ்சலிக் கூட்டம். "எங்கட நூலகர், எங்கட குடும்பத்தில ஒராள்" என்று செயலாளர் தழுதழுத்தார். சட்டம் போட்ட படத்தை உங்கள் மகளிடம் கொடுத்தார்கள். அவள் கீழே எழுதியிருந்ததை வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள். "அன்ரி, அம்மாவ எப்ப நூலகரா ஆக்கினாங்க? எங்களுக்குச் சொல்லவேயில்லையே." அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் என்னிடம் வந்தார். கண்கூடக் காயவில்லை. "இனி நீங்கள்தான் கொஞ்ச நாளைக்குப் பதில் பாக்கவேணும்."

"பதில் பாக்கமாட்டன் சேர். பதவியை விளம்பரம் செய்து, பரீட்சை வைச்சு ஆளைப் போடுங்கோ. அதுவரைக்கும் கூரையும் உங்கட பொறுப்பு, புத்தகமும் உங்கட பொறுப்பு."

"நீங்கள் இப்பிடிக் கதைக்கிற ஆளில்லையே" என்றார்.

"அவாவும் கதைக்கேல்லை. அதாலதான் நான் கதைக்கிறன்."

எனக்குத் தூரத்துத் துணுக்காய்ப் பக்கம் இடமாற்றம் வரும் என்று அலுவலகத்தில் குசுகுசுக்கிறார்கள். வரட்டும். வரும்வரை இங்கேதான் இருப்பேன். கூரை இன்னும் ஒழுகுகிறது. மாரி வரத்தான் போகிறது. "நீங்கள்தானே பொறுப்பு?" என்று அந்த அறையில் என்னையும் நிற்க வைத்துக் கேட்பார்கள். கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு "இல்லை" என்பேன், அக்கா. உங்களுக்கும் சேர்த்துச் சொல்வேன்.