பெயர் கேட்ட மச்சாளுக்கு

மச்சாள்,

இன்று மீனுக்குத் தேசிக்காய் பிழிந்தேன். மணம் மூக்கில் ஏறியதும் மனம் நாங்கள் வழக்குக்குப் போன கொழும்பு பஸ்ஸுக்குப் போய்விட்டது. சத்தி வராமலிருக்கத் தேசிக்காயை மூக்கோடு பிடித்தபடி நீங்கள். சத்தி எடுத்தால் பிடிக்கச் சொப்பின் பையோடு பக்கத்தில் நான். "கோட்டுக்குப் போக முதலே செத்துப்போவன் போல கிடக்கு" என்று சிரித்தீர்கள்.

சந்தையில் உங்கள் மீன் பெட்டியை அந்தப் பொலிஸ்காரர் காலால் தள்ளிய காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏன் என்று கேட்டதற்குக் கன்னத்தில் அறைந்தார். சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. நீங்கள் முகத்தைத் துடைத்துவிட்டு, "உங்கட பேர் என்ன?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மீன்காரி பெயரை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்ற நினைப்பு. பிறகு ஒரு முறைப்பாடும் இல்லாமல் உங்களைப் பின்னேரம் வரை ஸ்டேசனில் இருத்தி வைத்தார்.

ஊரில் ஒரே கதைதான், யாராவது பெரிய ஆளைப் பிடித்துக் கதைப்போம் என்று. "நான் என்ன பிச்சையே கேக்கிறன்?" என்றீர்கள். வவுனியாவில்தான் அந்தச் சட்டத்தரணி அம்மாவைச் சந்தித்தோம். அரசியலமைப்பு தந்த உரிமையை அரச உத்தியோகத்தர் மீறினால், பாதிக்கப்பட்டவரே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், ஒரு மாதத்துக்குள் போடவேண்டும் என்று விளக்கினார்.

"அவரின்ர பேரைச் சொல்லியோ?"

"ஓம் அம்மா. பேர் சொல்லித்தான்."

அன்றைக்குத்தான் உங்கள் முகம் தெளிந்தது.

வழக்குப் போட்டதும் ஒருவர் வீடு தேடி வந்தார். ஸ்டேசன் அறைக்குள் அந்தப் பொலிஸ்காரர் மன்னிப்புக் கேட்பாராம், வழக்கை விட வேண்டுமாம். "உங்கட மகன் கடலுக்குப் போற பிள்ளையெல்லோ" என்றும் சொன்னார். உங்களுக்கு இருப்பது ஒரே மகன். நீங்கள் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "சந்தைக்குள்ள எல்லாரும் பாக்க அடிச்சவர், அறைக்குள்ள மன்னிப்புக் கேக்கிறதோ? கோட்டில சந்திப்பம் எண்டு சொல்லுங்கோ."

அவர் போன பிறகு குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதீர்கள். மகனின் வள்ளம் வரும் வரை நாளாந்தம் கரையில் நின்றீர்கள். பயமில்லாத ஆள் வழக்குப் பேசுவது பெரிய விஷயமில்லை. நீங்கள் அவ்வளவு பயத்தோடும் ஒரு வழக்குத் தவணையும் தவறவிடவில்லை. உங்களைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. ஆங்கிலத்தில் நடந்த கதை எங்களுக்கு விளங்கவில்லை. உங்கள் பெயரும் அவர் பெயரும் மட்டும் காதில் விழும். உரிமையை மீறியது உண்மை, அவர் தன் கைக்காசில் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. "நான் பொய் சொல்லேல்லை எண்டு எழுதிப்போட்டினம். அது எனக்குக் காணும்" என்றீர்கள். அடுத்த மாரி மழைக்கு நீங்கள் உயிரோடு இல்லை.

இப்போது சந்தையில் உங்கள் இடத்தில் நான் இருக்கிறேன். போன கிழமை புதிதாக வந்த பொலிஸ்காரர் ஒருவர் முன்னால் வந்து நின்றார். உங்கள் பெட்டியைத் தள்ளிய கால்தான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் தலை குனியாமல் அவர் முகத்தை நேரே பார்த்தேன். அது நீங்கள் எனக்குத் தந்துவிட்டுப் போனது.

"அம்மா, பெட்டி கொஞ்சம் தள்ளி வைக்க ஏலுமா? வாகனம் போக வேணும்" என்று தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார்.

கேட்டார், மச்சாள். தள்ளி வைத்தேன்.