பிரஸ் நின்ற நாள்

செப்டம்பர் 9, 2025
இன்றும் வீண். சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில். தரை அதிர்வதையும் அந்தக் காலால்தான் உணரும். அந்தக் கால் நரம்பில் முடியைவிட மெல்லிய ஊசியை இறக்கி, அது துடிப்பதைப் பதிவு செய்வதுதான் என் ஆராய்ச்சி. காலேஜ் சுவரை ஒட்டிய கார் பார்ட்ஸ் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் இறங்கும்போதெல்லாம் மேசை குலுங்கி ஊசி நழுவிவிடுகிறது. ச்சே! மூன்று வருஷமாக இதே ரோதனை.

செப்டம்பர் 12
கைடு ராஜாமணி மேடம் முடிவாகச் சொல்லிவிட்டார்: "டிசம்பருக்குள்ள சுத்தமான பதிவு வரலன்னா இந்த அத்தியாயத்தையே எடுத்துடு." எடுத்துட்டா தீசிஸ்ல மிச்சம் என்ன? முன்னுரையும் நன்றியுரையும்தான்.

செப்டம்பர் 14
ஞாயிறும் பிரஸ் ஓடுகிறது. ஓ.டி.யாம். அண்ணன் புருஷோத்தமன் அங்கேதான் ஆபரேட்டர். எப்பத்தான்டா நிறுத்துவீங்க என்று கத்தினேன். "உன் பூச்சிக்கோசரம் லைனை நிறுத்துவாங்களா இன்னா? ஆயுத பூஜைக்கு நிக்கும். அன்னிக்கு ஒரகடத்துல ஒரு கம்பெனியும் ஓடாது" என்று சிரித்தான்.
சிரிக்கட்டும். அக்டோபர் 1.

செப்டம்பர் 30
லேப் உதவியாளர் செல்லம்மாள் அக்கா எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி படைத்து, மைக்ராஸ்கோப்புக்குக் கதம்பம் சுற்றிவிட்டார். "பூஜை போட்டாச்சு. நாளைக்கு எதையும் தொடக் கூடாது, ஆமா!"
தலையாட்டினேன். சாவி என் பையில் இருந்தது.

அக்டோபர் 1
தொட்டேன். வேற எப்போ தொடறது?
தரை சும்மா கிடந்தது. இந்த ஊரில் இப்படியும் ஓர் அமைதியா! குங்குமம் லென்ஸில் படாமல் துடைத்தேன், ஒரு கும்பிடு போட்டேன், ஊசியை இறக்கினேன். நழுவவில்லை! மேசையை விரலால் தட்டினால் நரம்பு துடிக்கிறது, விட்டால் அடங்குகிறது. இருட்டும்வரை பதிவு செய்தேன். சோறு தண்ணி நினைப்பே இல்ல. நான் ஒருத்தியா, இந்தக் கையால — யாருகிட்ட!

அக்டோபர் 3
அக்கா கண்டுபிடித்துவிட்டார். பூ இடம் மாறியிருந்ததாம். செம திட்டு. பதிவைத் திரையில் ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா தப்பு தப்புதான்."

அக்டோபர் 6
மேடம்: "அத்தியாயம் இருக்கட்டும். கட்டுரையாவும் அனுப்பு." அவர் வாயில் இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

மார்ச் 17, 2026
கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! தன் கம்பெனி பிரஸ் நின்றதால்தான் எல்லாமே நடந்தது என்று அண்ணன் ஷிப்ட் முழுக்கச் சொல்லிக்கினு இருக்கானாம்.
ஆய்விதழின் வெளிநாட்டு ஆசிரியர் கேட்டது ஒன்றுதான்: பதிவு செய்த நாள் 'ஆயுத பூஜை' என்று போட்டிருக்கிறீர்கள், அது என்ன, ஒரு வரி சேர்க்க முடியுமா? மேடம் என்னையே எழுதச் சொன்னார்.
எழுதினேன்: "அன்று இந்த வட்டாரத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் ஓய்வு."
அனுப்புவதற்கு முன் இன்னும் இரண்டு சொல் சேர்த்தேன்: "ஒன்றைத் தவிர."